ஹீனே வீட்டில் சாப்பிடாமல் வந்தது

2 ஜூலை 1996, செவ்வாய்

மழை. நேற்றும் மழை. உடுப்பு எதுவும் காயவில்லை. நடைவழியில் அண்ணி கயிறு கட்டியிருக்கிறார். குசினிக்குப் போகும் ஒவ்வொரு தரமும் அண்ணாவின் ஈரச் சட்டை முகத்தில் அடிக்கிறது.

ஓக்லண்டில் பாதி ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்துச் சூடாக மடித்து அனுப்புகிறவள் நான். என் பாவாடை மட்டும் மூன்று நாளாக ஈரம்.

இன்று வேலை: பெரிய விரிப்புகள் மட்டும். நானும் ஹீனேயும் ஒரு சோடி. ஈர விரிப்பின் இரண்டு மூலை அவளிடம், இரண்டு மூலை என்னிடம். ஒரு உதறல், ஒரு இழுப்பு, சூட்டு உருளைக்குள் விடுதல். பேசத் தேவையில்லை. அதனால் தான் நாங்கள் அவ்வளவு பேசுகிறோம்.

ஹீனே சொல்வதை எல்லாம் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் அவள் தூரத்து ஆள் போல ஆகிவிடுகிறாள். அவள் மாவோரி. பக்கத்து வீடு. காலையில் அவளுடைய பழைய வான் வண்டியில்தான் லோண்டரிக்குப் போகிறேன். கதவை உள்ளே இருந்து கயிற்றால் இழுத்துச் சாத்த வேண்டும். வாசுகி என்ற என் பெயர் அவளுக்கு வாஸ்.

இந்த நாட்டில் அவளோடு மட்டும்தான், வாக்கியத்தை மனதில் ஒருதரம் கட்டிப் பார்க்காமல் வாய் திறக்கிறேன்.

நூலகப் புத்தகம் இரண்டு, வெள்ளிக்குள் திருப்ப வேண்டும். ஒன்று இன்னும் பாதி.

3 ஜூலை, புதன்

மழை விட்டது. காற்று.

காலை, வானில் போகும்போது ஹீனே சொன்னாள். அம்மாவுக்கு இரவு முழுக்க மூச்சு இழுப்பாம். "ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாவாம். அங்கை போனால் சாக விடமாட்டாங்களாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவளுடைய அம்மாவை எனக்கும் பிடிக்கும். போன மாரியில் நாங்கள் வந்த புதிதில் வேலிக்கு மேலால் பூசணிக்காய் தந்தவர். அண்ணியை டார்லிங் என்று கூப்பிடுவார். அண்ணிக்கு முதலில் வெட்கம், பிறகு பழக்கம். இப்போது பூசணி வராத கிழமையில் அண்ணியே வேலிக்கரையில் போய் நிற்கிறார், உடுப்புக் காயப்போடுகிற சாட்டில்.

பின்னேரம் அண்ணாவின் மகள் அபி பள்ளிக்கூடத்தால் வந்து, "மாமி, ஆம்புலன்ஸ்!" என்றாள். ஐந்து வயது. அதை ஒரு கொண்டாட்டம் போலச் சொன்னாள். அண்ணி அவள் வாயில் தட்டினார்.

4 ஜூலை, வியாழன்

வான் வரவில்லை. வாசலில் நின்றேன். பிறகு அவர்கள் வீட்டில் எல்லா விளக்கும் எரிவதைக் கண்டேன். அப்போதே தெரிந்துவிட்டது.

விடியப்புறம் போய்விட்டாராம். ஹீனேயின் தம்பி தாமா வெளியே நின்று சிகரெட் பிடித்தபடி அண்ணாவிடம் சொன்னது.

பஸ்ஸில் வேலைக்கு. விரிப்புக்கு இன்று மீனாட்சி சோடி. மதுரைக்காரி, கைகளைவிட வாய் வேகம். "இழுங்க, இழுங்க, நான் பிடிச்சுக்கிட்டேன்" என்பாள். பிடித்திருக்க மாட்டாள்.

பின்னேரம் வீதி முழுக்கக் கார். பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. முன் அறையில் வைத்து, மூடாமல். சனிக்கிழமை அடக்கம் வரை அங்கேதானாம். உறவினர் எல்லாரும் அதே அறையில் மெத்தை போட்டுப் படுப்பார்களாம்.

அண்ணி ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தபடி: "தனிய விடாயினமாம். நல்லதுதான். எங்கடை ஆக்களும் இப்பிடித்தானே விடியவிடிய இருந்தவை."

பிறகு அந்த வீட்டில் கிற்றார் சத்தம். யாரோ உரக்கச் சிரித்தார்கள்.

அண்ணி திரையை விட்டார். "செத்தவீட்டிலை சிரிக்கினம்."

5 ஜூலை, வெள்ளி

குளிர். புல்லில் வெள்ளையாகப் பனி. லோண்டரியில் அரை நாள் லீவு கேட்டேன், தந்தார்கள்.

அண்ணி காலை முழுக்க மாலை கட்டினார். பின்வளவுக் கமேலியாப் பூ. ஊசி ஏறாத தடித்த காம்பு. விரலில் குத்துப்பட்டும் விடவில்லை. "அவ என்னை டார்லிங் எண்டு கூப்பிட்டவ" என்று மட்டும் சொன்னார், நான் ஒன்றும் கேட்காமலே.

போகமுன் அண்ணி சொன்னவை, ஞாபகத்துக்கு:
சாப்பிடக்கூடாது, தண்ணீரும் குடிக்கக்கூடாது.
வரும்போது ஒருவருக்கும் சொல்லிக்கொண்டு வரக்கூடாது.
நேரே பின்பக்கத்தால் வந்து, தலையில் தண்ணீர் வார்த்துவிட்டுத்தான் உள்ளே.

எல்லாம் எனக்குத் தெரிந்ததே. ஊரில் யாரும் சொல்லித் தராமல் தெரிந்திருந்தது. இங்கே சொல்லவேண்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

அவர்கள் வாசல் படலையடியில் நின்றோம், என்ன செய்வதென்று தெரியாமல். உள்ளே இருந்து ஒரு பெண் குரல் எழும்பியது. நீளமாக, மேலே போய், உடைந்து, கீழே வந்து. ஒரு சொல்லும் விளங்கவில்லை. அண்ணி என் கையைப் பிடித்தார். "ஒப்பாரி" என்றார். எங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அண்ணா முன்னால், நாங்கள் பின்னால். செருப்புகளை வாசலில் விட்டுவிட்டு உள்ளே.

தலையில் பச்சை இலைவளையம் போட்ட பெண்கள் பெட்டியைச் சுற்றி நிலத்தில். சுவரோரம் செத்துப்போனவர்களின் படங்கள், பெட்டியில் சாய்த்தும் சில. ஒவ்வொருவராக மூக்கோடு மூக்கு வைத்தார்கள். அண்ணியும் வைத்தார்! கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. ஹீனே என் நெற்றியோடு நெற்றி வைத்து நெடுநேரம் நின்றாள். அழுதேன். யாருக்காக என்று நிச்சயமில்லை. ஊரில் எங்களால் போகமுடியாத செத்தவீடுகள் நிறைய.

மாலையை ஹீனே வாங்கித் தன் கையால் அம்மாவின் காலடியில் வைத்தாள்.

பிறகு சாப்பாட்டுக்கு. கார் விடும் இடத்தில் தறப்பாள் கட்டி நீள மேசை. ஹீனேயின் பெரியம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். பெரிய கை, சூடு. நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தலையை இல்லை என்று ஆட்டினார். நான் கையை மெல்ல இழுத்தேன். அவர் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

படலையடியில் ஒரு வாளியில் தண்ணீர். போகிறவர்கள் கைநனைத்துத் தலையில் தெளித்தார்கள். அண்ணியின் முகம் தெளிந்தது. "பாரும், எல்லாம் ஒண்டுதான்." நாங்களும் தெளித்துக்கொண்டோம்.

திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்துவிட்டேன். தறப்பாளின் ஓரத்தில் ஹீனே, இரண்டு கையிலும் இரண்டு தட்டு. எங்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்வளவுக் குழாயில் தலைக்கு வார்த்தோம், ஒருவர் பின் ஒருவராக. பல் அடித்துக்கொண்டது. அண்ணாவை விட்டுவிட்டோம், அவர் காருக்குள் இருந்தபடி, "நான் இரவைக்குச் சுடுதண்ணியிலை முழுகுறன்" என்றார். அண்ணி பெரிய சண்டை.

6 ஜூலை, சனி

வெயில், காற்றில்லை. அடக்கத்துக்கு நல்ல நாள் என்று இங்கே சொல்வார்களோ தெரியாது.

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அண்ணா மட்டும் போனார். குன்றடியில் உள்ள சவக்காலை. மண் மூடுகிற வேலையை உறவினரே செய்தார்களாம், மாறி மாறி. அண்ணாவிடமும் ஒருவர் மண்வெட்டியை நீட்டினாராம். இரண்டு மண்வெட்டி மண் போட்டாராம். 

"ஹீனே என்னைப் பற்றிக் கேட்டவளோ?"

"இல்லை. என்னோடையும் கதைக்கேல்லை. துக்கத்திலை நிக்கிற பிள்ளை."

பெண்கள் நிறையப் பேர் வந்திருந்தார்களா என்று கேட்டேன். எல்லாப் பெண்களும் என்றார்.

7 ஜூலை, ஞாயிறு

ஏவன்டேல் சந்தை. குளிரில் விரல் விறைத்தது. வெண்டிக்காய் பிஜிக்காரரிடம், கறிவேப்பிலை ஒரு கட்டு (வாடல்), தேங்காய் இரண்டு, ஒன்று அழுகல். மத்தியானம் அம்மா கொழும்பிலிருந்து எடுத்தா. தொலைபேசியில் ஒரே கேள்வி: குளிருக்குக் காதை மூடுகிறாயா. மூடுகிறேன்.

பின்னேரம் தாமா வீதியில் ஒவ்வொரு வீடாகப் போனான். கையில் பேப்பரால் மூடிய தட்டுகள். மிஞ்சிய சாப்பாடு. எதிர்வீட்டு டொங்காக்காரருக்கு. மூலை டெய்ரிக் கடைக் குஜராத்திக்காரருக்கு. தனியாக இருக்கும் வெள்ளைக்கார மனிசிக்கு.

எங்கள் வாசலைத் தாண்டிப் போனான்.

அபி ஜன்னலில் முழங்காலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒய் நொட் அஸ்?"

அண்ணி தும்மினார். இரண்டு நாளாகத் தடிமன். "உவளுக்கு எல்லாம் வேணும்" என்றார். ஆனால் குசினியில் நின்றபடி அவரும் அந்தத் தட்டுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். கண்டேன்.

எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஹீனேக்குத் துக்கம் மட்டும் இல்லை. கோபம்.

8 ஜூலை, திங்கள்

தூறல். பஸ். ஹீனே இன்னும் லீவு.

மீனாட்சியோடு மூன்று விரிப்புச் சிக்கி உருளை நின்றது. சூப்பர்வைசர் முறைத்தார். மீனாட்சி: "என்ன வாசுகி, உங்க டிரைவரம்மா இல்லாம கையே ஓடலையா?"

ஓடவில்லை.

9 ஜூலை, செவ்வாய்

மூடுபனி. மனுகாவ் கடல் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஹீனேயின் வான் இயங்குகிற சத்தம் கேட்டுக் கம்பளிக்கோட்டோடு ஓடினேன். வாசலில் நின்றேன். வான் பின்பக்கமாக வந்தது, திரும்பியது, போனது. அவள் என்னைக் காணாமல் இல்லை. கண்டு, தெருவைப் பார்த்தாள்.

லோண்டரியில் அவளே போய்க் கேட்டுத் துவாய் மடிக்கும் பக்கம் மாறிக்கொண்டாள். கூடத்தின் மறுகோடி. "மோர்னிங்" சொன்னேன். "மோர்னிங்." எல்லாருக்கும் சொல்கிற மாதிரி. அதுதான் சுட்டது. தேநீர் நேரம் வழக்கமான மேசைக்கு வரவில்லை.

மீனாட்சி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள், தன் டப்பாவைத் திறந்து. "சாப்பிடுங்க. என்ன சண்டை?"

"சண்டை இல்லை. செத்தவீட்டிலை சாப்பிடாமல் வந்திட்டம்."

"ஆமா, சாவு வீட்ல யாரு சாப்பிடுவா? நாங்களும் சாப்பிட மாட்டோம். எங்க வீட்டுல காப்பித்தண்ணி கூடக் குடிக்க விட மாட்டாங்க."

"அவையளுக்கு அது தெரியாதெல்லே."

"அப்ப சொல்லிடுங்க."

எவ்வளவு சுலபம். மத்தியானம் முழுக்க மனதில் வாக்கியம் கட்டினேன். ஆங்கிலத்தில். ஹீனேக்குச் சொல்ல ஆங்கில வாக்கியம் கட்டிப்பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன் என்பதே அழுகையைத் தந்தது.

பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். அண்ணி: "எட்டாம்நாளும் முடியேல்லை, துடக்கு வீடு. சும்மா சும்மா போய் வரக்கூடாது." போனேன். படலையடி வரை. உள்ளே தாமாவும் அவளும் ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார்கள், தாழ்ந்த குரலில். தட்டவில்லை. படலையின் ஈரத்தைக் கையால் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் கூச்சக்காரி என்று ஊரில் சொல்வார்கள். அங்கே அது ஒரு நல்ல பெயர். இங்கே அது வெறும் நட்டம்.

10 ஜூலை, புதன்

கொட்டுகிற மழை. பஸ் வரவில்லை. தரிப்பிடத்துக்குக் கூரையும் இல்லை. குடை ஒருமுறை மேல்நோக்கி மடிந்து கம்பி முறிந்தது.

வான் கடந்து போனது. கொஞ்சத் தூரத்தில் நின்றது. பின்னால் வந்தது.

"ஏறு."

ஏறினேன். கயிற்றை இழுத்தேன். மழை துடைக்கிற கை இரண்டும் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தன. கட்டி வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை.

"ஹீனே, நாங்கள் பிழை விட்டிட்டம் என்ன?"

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். முழுக்கத் தெரியாது."

"என்ரை பெரியம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. நீ இழுத்துக்கொண்டு ஓடினனீ. எங்கடை கையாலை தாறது உங்களுக்கு ஊத்தையோ?"

"ஐயோ, இல்லை."

"பிறகு ஒரு சொல்லும் சொல்லாமல், கள்ளர் மாதிரி. நான் ரெண்டு தட்டோடை நிண்டனான். உனக்கு ஒண்டு, உன்ரை அண்ணிக்கு ஒண்டு. மரக்கறி மட்டும் போட்டு. வெள்ளிக்கிழமை நீங்கள் மச்சம் தின்னாயள் எண்டு எனக்குத் தெரியும் வாஸ். இறைச்சி பட்ட கரண்டியைக் கூட நான் உங்கடை தட்டிலை வைக்கேல்லை. என்ரை அம்மா உள்ளை கிடக்கிறா, நான் கரண்டியைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

 மழையைப் பார்த்தேன். பிறகு சொன்னேன், ஒழுங்கில்லாமல். எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் சாப்பிடுவதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்கு அயலவர் தான் சமைத்துக் கொடுக்க வேண்டும், அவர்களிடம் வாங்கித் தின்னக்கூடாது. புறப்படும்போது 'போய்ட்டு வாறன்' என்று சொன்னால், அதே வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று சொன்ன மாதிரி.

"உங்கடை வீட்டிலை இனி ஒருதரும் சாகக்கூடாது எண்டுதான் சொல்லாமல் வந்தது."

ஹீனே வானைத் தெருவோரம் நிறுத்தினாள். பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

"எங்கடை ஆக்கள் சாப்பிட்டால்தான் செத்தவையளை விட்டு, இருக்கிறவையளிட்டைத் திரும்பி வருவினம். சாப்பிடாமல் போறவன் அதையும் தன்னோடை கொண்டுபோறான், வீட்டுக்குள்ளை. நான் உங்கடை வீட்டைப் பாத்துக் கோவிச்சதும் மெய்தான், பயந்ததும் மெய்தான். அந்தச் சின்னப்பிள்ளை வேறை."

"நாங்கள் அதைக் கழுவிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போனனாங்கள்."

"என்னத்தை?"

"தலைக்கு வார்த்தனாங்கள். பின்வளவிலை, வெளிக் குழாயிலை."

"வெள்ளிக்கிழமையோ? அந்தக் குளிரிலையோ? பச்சைத்தண்ணியோ?"

"ஓம். அண்ணிக்கு இன்னும் தடிமன்."

ஹீனே ஸ்டியரிங்கில் தலையை வைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிப்பு. பிறகு அது அழுகைதான்.

வேலைக்குப் பிந்திவிட்டோம். இருவருக்கும் திட்டு. உள்ளே போகமுன் அவள் சொன்னாள்: "விளங்கிச்சு வாஸ். ஆனால் கோவம் போகேல்லை. விளங்கினவுடனை போகும் எண்டு நினைச்சன், போகேல்லை. நீ அம்மாவின்ரை மேசையிலை இருக்கேல்லை."

துவாய்ப் பக்கமே போனாள்.

மாலை. அண்ணியிடம் எல்லாம் சொன்னேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். தட்டுக்கதையில் கை நின்றது.

"மரக்கறி மட்டுமோ?"

"ஓம். கரண்டியும் வேறை."

"தாய் செத்துக் கிடக்கேக்கையோ?" மூக்கை உறிஞ்சினார். தடிமனா வேறா தெரியாது. "என்னைப் பற்றி என்ன சொன்னவள்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"பொய் சொல்லாதையும்." மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தார். சட்டியில் போடாமல் நின்றார். "அவவுக்கு என்ன தின்ன விருப்பம்?"

"ஆருக்கு?"

"ஹீனேன்ரை தாய்க்கு. போய்க் கேட்டுக்கொண்டு வாரும். நாளைக்கு எட்டு."

சரிதான். போன வியாழன் போனவர், நாளை வியாழன். எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்து, அயலவர் எல்லாரும் அந்த வீட்டில் இருந்து சாப்பிடுவது. சாப்பிடாமல் வந்தால்தான் அன்றைக்குக் குறை. எனக்கு ஏன் இது நினைவுக்கு வரவில்லை? இத்தனை புத்தகம் வாசித்து.

"ஆனால் அண்ணி, அவையள் அடக்கம் முடிஞ்சு எல்லாம் செய்து முடிச்சிட்டினம்."

"அவையின்ரை கணக்கை அவை முடிச்சிட்டினம். நான் என்ரையை முடிக்கேல்லை."

படலையைத் திறந்துகொண்டு போனேன். தட்டினேன். தாமா வந்தான். கேட்டேன். விசித்திரமாகப் பார்த்தான். உள்ளே இருந்து ஹீனேயின் குரல் மட்டும் வந்தது: "மட்டி. வாளிக்கணக்கிலை தின்னுவா. ஏன்?"

11 ஜூலை, வியாழன்

தெளிந்த வானம், கடும் குளிர். ஹீனேயின் வானில் போகவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பஸ்.

அண்ணா வேலையால் வரும்போது ஒனிஹங்கா மீன்கடையில் மட்டி ஒரு பை வாங்கி வந்தார். பச்சை ஓரம் போட்ட பெரிய மட்டி.

அண்ணி பையைத் திறந்து பார்த்து: "உதென்ன மட்டியோ, சப்பாத்தோ?"

"இஞ்சத்தை மட்டி உப்பிடித்தான்."

"ஒண்டைத் திண்டால் ரெண்டு நாளைக்குக் காணும்."

ஆனாலும் எல்லாவற்றையும் உரைத்துக் கழுவி, தேங்காய்ப்பால் விட்டுக் கறி. பாதியைப் பிரட்டல். சோறு, பூசணிக்காய் (இந்த முறை கடையில் வாங்கியது), பருப்பு, வடை. வாழையிலை இல்லை. எதிர்வீட்டு டொங்காக்காரரின் முற்றத்தில் கல்வாழை. கேட்டு வெட்டினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கூட ஒன்று தந்தார்.

இருட்டமுன் போனோம். அண்ணா, அண்ணி, அபி, நான். செருப்புகளை வாசலில் விட்டோம். பத்துப் பன்னிரண்டு சோடி ஏற்கெனவே கிடந்தன. பெரியம்மாவும் இன்னும் சிலரும் ஊருக்குப் போகாமல் நின்றிருந்தார்கள்.

அண்ணி பெரியம்மாவிடம் நேரே போனார். ஆங்கிலம் அண்ணிக்கு மட்டுமட்டு. பெரியம்மாவின் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்தார். அன்று நான் விலக்கிய கை. பெரியம்மா அதை இறுக்கிப் பிடித்தார்.

சுவரில் ஹீனேயின் அம்மாவின் படம். படத்துக்குக் கீழே சின்ன மேசையில் அண்ணி இலையை விரித்தார், நுனி எந்தப் பக்கம் என்று கல்வாழையில் தெரியாமல் தடுமாறி. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். மட்டி நிறைய. ஹீனே கதவோரத்தில் கைகட்டி நின்றாள். "இதை அவ தின்னுவாவோ?"

"அவவுக்குத்தான் முதல்லை" என்றேன். "பிறகு நாங்கள் எல்லாரும். சாப்பிடாமல் போகக்கூடாது. எங்கடை வழக்கம்."

அந்த 'எங்கடை வழக்கம்' அவளுக்கு எங்கேயோ தட்டியது. வாய் கோணியது. "இண்டைக்கு மட்டும் சாப்பிடலாமோ?"

"இண்டைக்குச் சாப்பிடத்தான் வேணும்."

பெரியம்மா தங்கள் மொழியில் ஒரு வேண்டுதல் சொன்னார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். பிறகு எல்லாரும் மேசையில். அவர்கள் சுட்ட எண்ணெய் ரொட்டி, அதற்குத் தகரப்பால். அண்ணியின் முதல் வாயை ஹீனே இமைக்காமல் பார்த்தாள். அண்ணி ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினார். ஹீனே அப்போதுதான் கதிரையை இழுத்து இருந்தாள். எனக்குப் பக்கத்தில்.

தாமா பிரட்டலில் கைவைத்து மூக்கு, கண், எல்லாம் ஒழுகத் தொடங்கியது. விடவில்லை. "அம்மா இதைக் கண்டிருந்தால் எழும்பி வந்திருப்பா."

"வந்து, உன்ரை பங்கையும் திண்டிருப்பா" என்றாள் ஹீனே.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும், செத்தவீட்டில்.

ஹீனே என் பக்கம் சாய்ந்து, மெதுவாக: "இப்பதான் வந்தனீ."  என் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டாள். வயிற்றில் இடமில்லை. தின்றேன்.

அபி பெரியம்மாவின் மடியில் நித்திரை. போகவேண்டும். அண்ணா என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். எட்டுக்கு வந்தாலும் எங்கள் வழக்கம் அதேதான், சொல்லிக்கொண்டு போவதில்லை. அண்ணி வெறுஞ்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். இவ்வளவும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் எழும்புவதற்கு அவருக்கே மனம் வரவில்லை. சொல்லவும் வாய் வரவில்லை.

ஹீனே எங்கள் மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள். எழும்பினாள்.

"நான் பாத்திரம் கழுவப்போறன்" என்றாள், கொஞ்சம் உரக்க. "கழுவுற நேரம் ஆர் இருக்கினம், ஆர் போகினம் எண்டு எனக்குத் தெரியாது." எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குழாயைத் திறந்தாள். பிறகு தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். தாமா கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். மற்றவர்களும். பெரியம்மா அபியை அண்ணாவின் தோளில் கொடுத்துவிட்டுத் தானும் திரும்பி, படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எழும்பி வெளியே வந்தோம். வாசலில் இருட்டு. அண்ணியின் ஒரு செருப்பு அகப்பட்டது, மற்றதைக் காணவில்லை. குனிந்து, அந்தக் குவியலை ஒவ்வொன்றாகக் கிளறினார். தாமாவின் பெரிய சப்பாத்துக்குள் இருந்து எடுக்க நெடுநேரம் ஆயிற்று. கதவு திறந்தபடியே. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை.